கழிவுப் பழத்தில் ஐஸ்கிரீம்: சுற்றும் இயந்திரம் வேண்டாம்

ஐஸ்கிரீமுக்கும் இயற்கை விவசாயத்துக்கும் என்ன சம்பந்தம் என்று நினைக்க வேண்டாம். எங்க தோட்டத்துல மூணு கிரேடு மாம்பழம் வீணாகப் போன கதையிலிருந்துதான் இது ஆரம்பிக்குது.

இரண்டு வருடங்களுக்கு முன்பு, மே மாதக் கடைசி. நத்தம் பக்கம் எங்கள் தோட்டத்தில் செந்தூரம் ஒரே சமயத்தில் பழுத்துவிட்டது. பதினொரு கிரேடு ஏற்றிக்கொண்டு மண்டிக்குப் போனேன். வியாபாரி கட்டைவிரலால் ஒரு பழத்தை அமுக்கிப் பார்த்தார். "சார், இது பழம் இல்ல, சாறு. இந்த மூணு கிரேடு கழிவுல போயிரும். வேணும்னா திரும்ப ஏத்திக்கிட்டுப் போங்க" என்றார். அவர் மேல் தப்பில்லை. வெளியூருக்கு லாரியில் போக வேண்டிய சரக்கு கல்லாக இருக்க வேண்டும். மரத்திலேயே முற்றி, வைக்கோலில் பழுத்த பழம் லாரி தாங்காது.

மூன்று கிரேடும் திண்ணைக்கு வந்து சேர்ந்தன. வீடெல்லாம் மாம்பழ வாசம். அன்று மதியம், லீவுக்கு வந்திருந்த பேரப்பிள்ளைகள் கடையில் மேங்கோ கப் வாங்கி வந்து, அதே திண்ணையில் அந்தக் கிரேடுகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். மூடியை வாங்கிப் படித்தேன். முப்பது வருடம் வங்கியில் பொடி எழுத்துக்களைப் படித்த பழக்கம் போகுமா? அதில் 'ஐஸ்கிரீம்' என்ற சொல்லே இல்லை. 'ஃப்ரோசன் டெசர்ட்' என்று இருந்தது. உள்ளே தாவர எண்ணெய், நிறம், மாம்பழ மணம். பழத்தைத் தவிர எல்லாம் இருந்தது.

மாம்பழம் விளைவிக்கிறவன் பேரன், மாம்பழம் இல்லாத மாம்பழ ஐஸை காசு கொடுத்து வாங்கித் தின்கிறான். பழம் பக்கத்தில் அழுகுகிறது. அன்றைக்கு மனசு கேட்கல. அந்தக் கோடையிலேயே கற்றுக்கொண்டு, கெடுத்து, மறுபடி செய்து பார்த்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

கடை கப்பின் கணக்கு

நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு விதிப்படி, 'ஐஸ்கிரீம்' என்று எழுதி விற்க அதில் குறைந்தது 10 சதவீதம் பால் கொழுப்பு இருக்க வேண்டும். பால் கொழுப்புக்குப் பதிலாகத் தாவர எண்ணெய் சேர்த்தால் அதன் பெயர் 'ஃப்ரோசன் டெசர்ட்'. அதை விற்பது சட்டப்படி சரிதான். ஆனால் வாங்குகிறவர்களில் எத்தனை பேர் மூடியைப் படிக்கிறோம்?

இன்னொரு கணக்கும் உண்டு. ஐஸ்கிரீமை எடைக்கு விற்பதில்லை, லிட்டருக்கு விற்கிறார்கள். ஒரு லிட்டர் ஐஸ்கிரீம் குறைந்தது 525 கிராம் எடை இருந்தால் போதும் என்கிறது விதி. அதாவது டப்பாவில் ஏறக்குறைய பாதி காற்றாக இருக்கலாம். காற்று கெட்டது இல்லை. அது இல்லாவிட்டால் ஐஸ்கிரீம் கல் மாதிரி இருக்கும். எதற்குக் காசு கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுக்கணும், அவ்வளவுதான். எங்கள் வீட்டில் செய்ததை எடை போட்டால் லிட்டருக்கு 800 கிராம் வருகிறது.

இயந்திரம் என்ன வேலை செய்கிறது?

இது புரிந்துவிட்டால் செய்முறை தானாக வந்துவிடும்.

பழத்திலும் பாலிலும் பெரும்பகுதி தண்ணீர். குளிர வைத்தால் தண்ணீர் முதலில் படிகம் படிகமாக உறையும். மெதுவாக உறைந்தால் படிகம் பெரிசாகும், நாக்கில் நறநறவென்று இருக்கும். வேகமாக உறைந்தால் படிகம் சின்னதாக இருக்கும், நாக்குக்குத் தெரியாது. ஐஸ்கிரீம் இயந்திரம் உறைய உறையக் கிண்டி, ஓரத்தில் ஒட்டும் படிகங்களைச் சுரண்டி உடைக்கிறது. கூடவே காற்றையும் உள்ளே ஏற்றுகிறது. அமெரிக்காவில் நான்சி ஜான்சன் என்ற பெண்மணி 1843-ல் காப்புரிமை வாங்கிய கைச்சுற்று வாளியிலிருந்து இன்றைய தொழிற்சாலை வரை அடிப்படை இதுதான்.

ஆனால் நம்ம ஊர் குல்ஃபியை யாரும் சுற்றுவதில்லையே! அது எப்படி நன்றாக வருகிறது? பாலைச் சுண்டக் காய்ச்சி முதலிலேயே தண்ணீரை வெளியேற்றிவிடுகிறார்கள். தண்ணீர் குறைவாக இருந்தால் படிகமும் குறைவு. மதுரை ஜிகர்தண்டாவில் போடும் பாசுந்தி ஐஸுக்கும் அதே சுண்டிய பால்தான் உயிர்.

ஆகவே இயந்திரம் இல்லாதவர்கள் நான்கு காரியம் செய்தால் போதும்.

1. தண்ணீரைக் குறைப்பது: பாலையும் பழக்கூழையும் சுண்ட வைப்பது.
2. இனிப்பும் கொழுப்பும்: இனிப்பு இருந்தால் எல்லாத் தண்ணீரும் உறையாது, கரண்டி இறங்கும். கொழுப்பு வழுவழுப்பைக் கொடுக்கும்.
3. காற்றை முன்னாடியே ஏற்றுவது: கிரீமை நுரைக்க அடித்துச் சேர்ப்பது.
4. சீக்கிரம் உறைய வைப்பது: அகலமான, தட்டையான எவர்சில்வர் பாத்திரத்தில் மெல்லிசாக ஊற்றுவது. ஆழமான பிளாஸ்டிக் டப்பாவில் மெதுவாகத்தான் உறையும்.

ஏன் 'கழிவு' பழம்தான் வேண்டும்?

ரொம்பக் குளிர்ந்த பொருளில் நம் நாக்குக்கு இனிப்பு குறைவாகத்தான் தெரியும். சாதாரணமாக இனிக்கும் பழம், ஐஸ்கிரீமில் சப்பென்று ஆகிவிடும். அதனால் நன்றாகக் கனிந்து, தொட்டால் அமுங்கும் பழம்தான் இதற்குச் சரி. மண்டியில் எதைத் தள்ளினார்களோ, அதுதான் முதல் தரம்!

கார்பைடு கல் வைத்துப் பழுக்க வைத்த பழம் இதற்கு உதவாது. தோல் மஞ்சளாக இருக்கும், உள்ளே புளிக்கும், மணம் இருக்காது. அந்தக் கல்லுக்குத் தடை இருக்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும். இருந்தும் சந்தைக்கு வருகிறது என்பதும் தெரியும். இயற்கையாகப் பழுக்க விடுகிற நமக்கு இது ஒரு வாய்ப்பு.

ஒரு எச்சரிக்கை. கனிந்த பழம் வேறு, கெட்ட பழம் வேறு. சாராய வாடை வந்தால் வேண்டாம். பூஞ்சணம் பிடித்தது வேண்டாம். பழ ஈ குத்திய பழத்தில் புழு இருக்கும், அதுவும் வேண்டாம். அதைத் தோட்டத்தில் அப்படியே போட்டுவிடாமல் ஆழமாகக் குழி தோண்டிப் புதையுங்கள். இல்லாவிட்டால் அடுத்த காய்ப்புக்கு ஈ பெருகும். அடிபட்டுக் கறுத்த இடம் மட்டும் என்றால் அதைத் தாராளமாக வெட்டி எடுத்துவிட்டு மீதியைப் பயன்படுத்தலாம்.

முறை ஒன்று: மாம்பழ ஐஸ்கிரீம்

தேவையானவை: மாம்பழக் கூழ் அரை கிலோ (சுமார் ஒரு கிலோ பழம்), கெட்டிப் பால் அரை லிட்டர், சர்க்கரை 125 கிராம், நுரைக்க அடிக்கக்கூடிய கிரீம் 300 மில்லி, உப்பு ஒரு சிட்டிகை.

முதலில் பால். அடி கனமான, அகலமான பாத்திரத்தில் பாலும் சர்க்கரையும் சேர்த்துச் சின்னத் தீயில் காய்ச்சுங்கள். அடிப்பிடிக்காமல் கிண்டிக்கொண்டே இருக்க வேண்டும். 200 மில்லி டம்ளர் அளவுக்குச் சுண்டியதும் இறக்கி ஆறவிடுங்கள். கடையில் வாங்கும் கண்டென்ஸ்டு மில்க் இதேதான். நாட்டுச்சர்க்கரை, வெல்லம் போட நினைத்தால் கொதிக்கும்போது போடாதீர்கள், பால் திரிந்துவிடும். பாலை மட்டும் சுண்டக் காய்ச்சி, நன்றாக ஆறிய பிறகு, கரைத்து வடிகட்டிய கெட்டிப் பாகைச் சேர்க்கலாம். நிறம் கொஞ்சம் மங்கும், ருசி நன்றாகவே இருக்கும்.

அடுத்து கூழ். பழத்தைத் தோல் சீவி அரைத்து, நார் இருந்தால் வடிகட்டி, சின்னத் தீயில் பதினைந்து நிமிடம் கிண்டுங்கள். அரை கிலோ கூழ் 350 கிராமுக்கு வர வேண்டும். இதையும் ஆறவைத்துப் பிரிட்ஜில் வையுங்கள். காய்ச்சினால் மணம் குறைகிறதே என்பவர்கள் காய்ச்சாத கூழ் நாலு கரண்டி எடுத்து வைத்துக் கடைசியில் சேர்க்கலாம்.

மூன்றாவது கிரீம். இங்கேதான் நான் முதல் தடவை ஏமாந்தேன். குழம்புக்கு ஊற்றும் பாக்கெட் கிரீமை வாங்கி வந்து இருபது நிமிடம் அடித்தேன். கை வலித்ததுதான் மிச்சம். அதில் கொழுப்பு 25 சதவீதம்தான். நுரைத்து நிற்கக் குறைந்தது 30 சதவீதமாவது வேண்டும், 35 இருந்தால் நல்லது. வாங்கும்போது மூடியைப் படியுங்கள்: பால் கிரீமாக இருக்க வேண்டும். கேக் கடைக்காரர்கள் பயன்படுத்தும் 'விப்பிங் கிரீம்' பலதும் தாவர எண்ணெயில் செய்தது. அதை வாங்கினால் நாமும் வீட்டில் ஃப்ரோசன் டெசர்ட்தான் செய்கிறோம்.

கிரீமையும் பாத்திரத்தையும் நன்றாகக் குளிர வைத்து, கை மத்தாலோ முட்டை அடிக்கும் கருவியாலோ அடியுங்கள். கருவியைத் தூக்கினால் நுரை மேடு மேடாக நிற்க வேண்டும். அதோடு நிறுத்திவிடுங்கள். அதற்கு மேல் அடித்தால் வெண்ணெய் திரண்டுவிடும்.

சுண்டிய பால், கூழ், உப்பு மூன்றையும் கலந்து, நுரைத்த கிரீமை மூன்று தவணையாகச் சேர்த்து, அடியிலிருந்து மேலாகப் புரட்டிவிடுங்கள். வேகமாகக் கலக்கினால் ஏற்றிய காற்று போய்விடும். தட்டையான பாத்திரத்தில் ஊற்றி, மேலே வாழையிலைத் துண்டை ஒட்டி வைத்து, மூடி போட்டு, ஃப்ரீசரைக் கடைசிக் குளிருக்குத் திருப்பி 8 மணி நேரம் விடுங்கள். இடையில் ஃப்ரீசரைத் திறக்காமல் இருந்தால் நல்லது. வீட்டில் பிள்ளைகள் இருந்தால் அதுதான் கஷ்டம்.

ஒரு லிட்டருக்குக் கொஞ்சம் கூடவே வரும். பரிமாறுவதற்கு ஐந்து நிமிடம் முன்பு வெளியே எடுத்து வையுங்கள்.

முறை இரண்டு: மாடு வைத்திருப்பவர்களுக்கு

கிரீம் வாங்க டவுனுக்குப் போக வேண்டியதில்லை. காய்ச்சி ஆறிய பாலைப் பிரிட்ஜில் ஒரு ராத்திரி வைத்தால் கெட்டி ஆடை படியும். எருமைப் பாலில் இன்னும் அதிகம். நாலைந்து நாள் ஆடையை ஃப்ரீசரில் சேர்த்தால் ஒரு கிண்ணம் வந்துவிடும். ஆனால் இதை அடித்தால் நுரைக்காது, வெண்ணெய்தான் வரும். அதனால் அடிக்காமல், கிரீமுக்குப் பதில் ஆடை 200 கிராம் எடுத்து, சுண்டிய பால், கூழோடு மிக்சியில் ஒரே ஒரு சுற்று சுற்றி ஃப்ரீசரில் வையுங்கள். இரண்டு மணி நேரம் கழித்து, ஓரம் உறைந்ததும் எடுத்து முள்கரண்டியால் நன்றாக உடைத்துக் கிளறுங்கள். இன்னொரு இரண்டு மணி நேரம் கழித்து மறுபடி. இயந்திரம் சுரண்டும் வேலையை நம் கை செய்கிறது. கொஞ்சம் குல்ஃபி மாதிரி கெட்டியாக வரும். எங்கள் வீட்டில் இதற்குத்தான் ஓட்டு அதிகம்.

முறை மூன்று: வெறும் வாழைப்பழம்

இதைவிடச் சுலபம் கிடையாது. தார் ஒரே நாளில் பழுத்துவிட்டால் முன்பெல்லாம் மிஞ்சியது பஞ்சகவ்யாவுக்குப் போகும். இப்போது முதல் பங்கு பிள்ளைகளுக்கு.

தோலில் கரும்புள்ளி விழுந்த பழத்தை உரித்து, வில்லையாக நறுக்கி, தட்டில் ஒன்றோடொன்று ஒட்டாமல் பரப்பி ஃப்ரீசரில் வையுங்கள். மறுநாள் கொஞ்சம் கொஞ்சமாக மிக்சியில் போட்டு, விட்டு விட்டுச் சுற்றுங்கள். முதலில் பொடியாகும், பிறகு உருண்டை உருண்டையாகும். இன்னும் கொஞ்சம் பொறுத்தால் திடீரென்று வெண்ணெய் மாதிரி ஆகிவிடும். பாலும் வேண்டாம், சர்க்கரையும் வேண்டாம். வாழையில் இருக்கும் பெக்டின் என்ற பசையும் அதன் மாவுத்தன்மையும்தான் கிரீம் வேலையைச் செய்கின்றன. கற்பூரவல்லி நல்ல இனிப்பு. பூவனில் லேசான புளிப்பு சேரும். ரஸ்தாளியில் கல் விழுந்த பகுதி இருந்தால் எடுத்துவிட வேண்டும், அது அரைபடாது. மிக்சி சூடானால் நிறுத்தி ஆறவிடுங்கள். நான் அவசரப்பட்டு ஒரு மோட்டாரைப் புகைய விட்டவன்.

பழத்துக்குப் பழம் கவனிக்க வேண்டியது

சீத்தா: விதையோடு மிக்சியில் போடவே கூடாது. விதை நஞ்சு. பூச்சிவிரட்டிக்கு நாம் அதை அரைப்பவர்கள்தானே. கையைக் கழுவிக்கொண்டு, பெரிய கண் சல்லடையில் தேய்த்துச் சதையை மட்டும் எடுங்கள். அதைச் சூடாக்கவும் கூடாது, கசந்துவிடும். கெட்டித் தேங்காய்ப்பாலோடு மிக நன்றாகச் சேரும்.

பப்பாளி, அன்னாசி: பாலோடு அப்படியே கலந்தால் கொஞ்ச நேரத்தில் கசக்கும். அவற்றில் உள்ள நொதி பாலின் புரதத்தை உடைப்பதுதான் காரணம். கூழை நன்றாகக் கொதிக்க வைத்து ஆறவிட்டுக் கலந்தால் அந்தப் பிரச்சினை இல்லை.

பலா: சுளையைப் பாலில் வேகவைத்து அரையுங்கள். ஒரு ஏலக்காய் போதும்.

கொய்யா: வேகவைத்து, வடிகட்டி, விதையை நீக்குங்கள். சிவப்புக் கொய்யா என்றால் நிறம் போட்டதா என்று கேட்பார்கள்.

சப்போட்டா: நன்றாகக் கனிந்தது மட்டும். கொஞ்சம் காயாக இருந்தாலும் பால் பிசுபிசுப்பும் துவர்ப்பும் வந்துவிடும்.

கரண்டு போனால்?

நம் கிராமத்துக்கு இது முக்கியமான கேள்வி. ஒரு தடவை ராத்திரி முழுக்க மின்சாரம் இல்லை. நாலு லிட்டர் உருகிவிட்டது. காலையில் மறுபடி உறைய வைத்தேன். என் மனைவி பார்த்துவிட்டு, "நீங்க திங்கிறதுன்னா தின்னுங்க, பிள்ளைகளுக்குக் குடுக்க விடமாட்டேன்" என்று மொத்தத்தையும் கொட்டிவிட்டாள். அவள் சொன்னதுதான் சரி. பால் சேர்த்த பொருள் உருகி வெப்பத்தில் நின்றால் கிருமி வளரும். திரும்ப உறைய வைத்தால் கிருமி சாகாது, தூங்கும், அவ்வளவுதான். உருகியதை உடனே குடித்துவிடலாம், நேரமாகிவிட்டால் கொட்டிவிடுங்கள். காய்ச்சாத பாலையும் எந்த முறையிலும் சேர்க்காதீர்கள்.

ஃப்ரீசரே இல்லாதவர்கள் உடைத்த ஐஸ் மூன்று பங்கு, கல்லுப்பு ஒரு பங்கு கலந்து, அதில் மூடி போட்ட எவர்சில்வர் தூக்கை இறக்கி வைக்கலாம். உப்பு கலந்த ஐஸ் பூஜ்யத்துக்கு வெகு கீழே குளிரும். குல்ஃபிக்காரர் பானையின் ரகசியம் அதுதான்.

விற்கலாமா?

இதைத்தான் எல்லோரும் கேட்கிறார்கள். என் பதில்: முதலில் ஒரு வருடம் வீட்டுக்குச் செய்யுங்கள். விற்பதானால் எவ்வளவு சின்ன அளவானாலும் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்ய வேண்டும். ஃப்ரீசர் எந்நேரமும் மைனஸ் 18 டிகிரியில் நிற்க வேண்டும். சந்தைக்குக் கொண்டுபோகும் வழியிலும் அந்தக் குளிர் குறையக் கூடாது. கரண்டு பில், தேய்மானம், வீணாவது எல்லாம் போட்டு எழுதிப் பார்த்தால் பல கணக்கு கையைக் கடிக்கும். வங்கியில் இருந்தபோது, 'மதிப்புக்கூட்டல்' என்று ஒரு வரி எழுதியிருந்தால் கடன் மனுவை மகிழ்ச்சியாக வாங்கிக்கொண்டவன் நான். அந்த ஒரு வரிக்குள்ளே எத்தனை செலவு ஒளிந்திருக்கிறது என்று இப்போதுதான் தெரிகிறது.

நான் ஐஸ்கிரீம் விற்கவில்லை. பருவத்தில் மிஞ்சும் பழத்தைச் சுண்டிய கூழாக அரை கிலோ டப்பாக்களில் ஃப்ரீசரில் போடுகிறேன். அது நிறைந்ததும், மீதிக் கூழைத் தட்டில் ஊற்றி வெயிலில் ஏடாகக் காயவைக்கிறோம். தோலும் கொட்டையும் எருக்குழிக்கு. பொங்கலுக்கு வீட்டுக்கு வருகிறவர்களுக்கு மாம்பழ ஐஸ்கிரீம் தர முடிகிறது. 'இது உங்க தோட்டத்துப் பழமா?' என்று கேட்டுவிட்டு அடுத்த சீசனுக்கு நேரடியாகப் பழம் சொல்லிவிட்டுப் போனவர்கள் உண்டு. மண்டிக்குப் போகாத அந்தக் கிரேடுகளின் லாபம் எனக்குப் பெரிசு.

ஒன்றை மறைக்கக் கூடாது. இயற்கைப் பழம், நாட்டு மாட்டுப் பால் என்பதால் இது மருந்தாகிவிடாது. இனிப்பு இனிப்புதான். எனக்கே சர்க்கரை இருக்கிறது. எனக்கு இரண்டு கரண்டி என்று வீட்டில் சட்டம். பிள்ளைகளுக்கும் தினமும் வேண்டாம், விசேஷத்துக்குப் போதும்.

பக்கத்துத் தோட்டத்துப் பாட்டி முதலில் சிரித்தார். "ஐஸு திங்கிறதுக்கா தம்பி பேங்க் வேலைய விட்டுப்புட்டுத் தோட்டம் வச்ச?" ஒரு கிண்ணம் கொடுத்தேன். பல் கூசுது என்றபடியே முழுவதையும் சாப்பிட்டு முடித்தார். மறுநாள் காலையில் வாசலில் ஒரு கூடை இருந்தது. அவர் மரத்துப் பழம், எல்லாம் நன்றாகக் கனிந்து அமுங்கிப் போனது. "மண்டிக்காரன் வேணாங்கிறான். நீ அந்த ஐஸு போடு, எம் பேத்தி வர்றா" என்று சொல்லி அனுப்பியிருந்தார்.

அடுத்த தடவை உங்கள் பழத்தையும் யாராவது கழிவு என்று ஒதுக்கினால், ஒரு கிலோவை மட்டும் வீட்டுக்கு எடுத்து வந்து செய்து பாருங்கள்.